ஆச்சியின் உப்புமாவும் அமெரிக்க வரலாறும்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி ஆனால் எங்கள் வீட்டில் வீடியோ கால் வந்துவிடும். நியூஜெர்சியில் அப்போது காலை பத்து. அண்ணன் காபியோடு உட்கார்ந்திருப்பான், அண்ணி சமையல்கட்டில் இருந்தபடியே பேசுவார். எங்கள் அம்மா இங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில், ஏழாவது மாடி ஹாலில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பக்கம் அம்மாவின் நெற்றி மட்டும்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் மகள் திரையில் வந்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். முகம் உம்மென்று இருந்தது.

"சித்தப்பா, யு.எஸ். ஹிஸ்டரில ஒரு ப்ராஜெக்ட். 1945க்கு அப்புறம் நடந்த ஏதாவது ஒரு அமெரிக்க சம்பவம் நம்ம குடும்பத்தை எப்படித் தொட்டுச்சுன்னு வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு எழுதணுமாம். எல்லாருக்கும் ஏதாவது இருக்கு. ஒருத்தனோட தாத்தா வியட்நாம் போனவரு. ஒருத்தியோட பாட்டி டாக்டர் கிங் பேசினப்போ வாஷிங்டன்ல நின்னவங்க. நாம 2004லதானே வந்தோம்? நமக்கு அமெரிக்க ஹிஸ்டரியே இல்லையே. நான் என்ன எழுதறது?"

அவள் கேட்டது வீட்டுப்பாடக் கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஆனால் 'நமக்கு இல்லையே' என்றபோது குரல் கொஞ்சம் இறங்கியது. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்த பிள்ளை. அந்த நாட்டின் கதையில் தனக்கு ஒரு வரிகூட இல்லை என்று நினைக்கிறாள். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற எல்லோரும் இந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டிருப்போம். பெங்களூரில் கன்னட வகுப்பில் என் பையனும் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்கிறான்.

"அடிப்பாவி, எலெக்ட்ரானிக் சிட்டில உக்காந்திருக்கிற என்கிட்ட வந்து அமெரிக்க ஹிஸ்டரி இல்லைங்கிறியே!" என்றேன். சும்மா சமாளிக்கத்தான் சொன்னேன். சொன்ன பிறகு யோசித்தால், அது உண்மையாகத்தான் இருந்தது.

*

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இந்தப் பேட்டையைத் தொடங்கியது 1978இல். கியோனிக்ஸின் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகாவின் கனவு அது. அதே 1978இல்தான் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அப்போது இங்கே மின்னணுப் பொருள் தயாரிப்பதுதான் திட்டம். அமெரிக்காவுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற ஊராக இது மாறுவது பின்னால் வந்த கதை. 1990இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறி எச்1பி விசா வந்தது. அதற்குப் பிறகு ஒய்2கே. இரண்டாயிரமாம் ஆண்டுப் பிழையைச் சரிசெய்ய அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் ரோட்டில் வந்து இறங்கியது 2000இல்.

இன்னொன்று பாருங்கள். அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள் அல்லவா? முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், சட்டமாக வந்த ஏற்பாடு அது. 2007இலிருந்து தேதிகளை மாற்றி அமைத்தார்கள். அவர்கள் அங்கே முள்ளைத் திருப்பினால் இங்கே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாறும். ஆறரை மணி மீட்டிங் ஏழரைக்குப் போய்விடும். நவம்பர் வந்தாலே தங்கமணிக்குக் கடுப்பு. அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம் தொட்டதோகூர் இட்லிக் குண்டான் வரைக்கும் வருகிறது :-)

"இதை எழுதலாமா சித்தப்பா?" என்றாள்.

"எழுதலாம். ஆனா டீச்சர் சிரிப்பாங்க. வேற கேளு."

கேட்டாள். கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, பெரிய மனுஷி மாதிரி, "2001 செப்டம்பர் 11 அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள்.

நான் ஆபீசில் இருந்தேன். நியூயார்க்கில் காலை 8.46 என்றால் நமக்கு மாலை 6.16. ஆறரைக்கு அங்குள்ள வாடிக்கையாளரோடு பேசவேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. பத்து நிமிஷம் காத்திருந்து, எல்லாம் மறந்துவிட்டார்கள் போல என்று சிரித்தோம். அப்போதுதான் கேண்டீன் டி.வி. பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். வாரம் மூன்று நாள் பேசுகிற குரல்கள். முகம் தெரியாது. அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு மெயில் வந்தது. பாலத்தைத் தாண்டி நடந்தே வீடு போய்ச் சேர்ந்ததாக இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைத்திருந்தோம். இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விதமான வரலாறு அமெரிக்காவில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். 1936 முதல் 1938 வரை, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேலையில்லாத எழுத்தாளர்களை அரசே சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து அப்போது உயிரோடிருந்த முதியவர்களிடம் கேட்டு, 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை எழுதி வைத்தார்கள். 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். நம்மவர்களின் கதைகளைச் சேர்ப்பதற்கு 2008இல் சாடா என்கிற தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக்காப்பகம் வந்தது. அண்ணன் மகளின் டீச்சர் கொடுத்ததும் இதே வழிதான். புத்தகத்தை மனப்பாடம் செய்யாதே, வீட்டில் இருப்பவரிடம் கேள், கேட்டதை ஆவணத்தோடு ஒத்துப்பார், திரும்பவும் போய்க் கேள்.

*

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, உங்களுக்கு ஏதாவது அமெரிக்கா ஞாபகம் இருக்கா?"

"எனக்கென்ன தெரியும் தாயி. நான் ஒருதரம் உங்க வீட்டுக்கு வந்ததுதான். குளிரு."

அத்தோடு முடிந்திருக்கும். என் மனைவிதான், "அத்தை, உங்க ஊர் வீட்டுப் பரண்ல ஒரு எண்ணெய் டின் இருக்குமே, ரெண்டு கை குலுக்கற மாதிரி படம் போட்டு? புளி போட்டு வச்சிருப்பீங்களே, அது எங்க வாங்கினது?" என்றாள்.

அம்மா கீரையை நிறுத்தினார். "அதுவா? அது பள்ளிக்கூடத்து டின்னு. உப்புமாக் கிண்டற எண்ணெ வரும் அதுல."

கை குலுக்கும் சின்னம், பின்னால் கோடு போட்ட கேடயம், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் எழுத்து. அமெரிக்க உதவிப் பொருட்கள் எல்லாவற்றிலும் இருந்த முத்திரை அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்த டின் தண்ணீர் வாளியாகவும், அரிசி டப்பாவாகவும், தட்டி விரித்துக் கோழிக்கூண்டுக் கதவாகவும் இருந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம்.

"உப்புமா எப்படி இருக்கும் ஆச்சி?"

இதைக் கேட்டதும் அம்மாவுக்கு வாய் திறந்துவிட்டது. மஞ்சள் மாவில் கிண்டினால் கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருக்குமாம். கோதுமை ரவையில் கிண்டினால் உதிரியாக இருக்குமாம். பால் பவுடரைச் சுடுதண்ணீரில் கலக்கினால் கட்டி கட்டியாக மிதக்குமாம். அந்தக் கட்டிகளுக்குத்தான் சண்டையாம். ஆளுக்கொரு சுள்ளி விறகு கொண்டுபோக வேண்டுமாம்.

"அப்போ நீங்க சின்னப் பிள்ளைல சாப்பிட்டது அமெரிக்க சாப்பாடு!" என்று அவள் குதித்தாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது காமராசர் போட்ட சாப்பாடு. அமெரிக்காக்காரன் எங்க வந்தான்?"

*

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதை எடுத்துச் சொல்லத்தான் நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

காமராசர் முதல்வராக இருந்தபோது, 1956இல், சென்னை மாநிலத்தில் பள்ளி மதிய உணவு விரிவாகத் தொடங்கியது. கல்வித்துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்த்தார். ஊரார் கொடுத்த தானியமும் பணமும்தான் ஆரம்ப முதல். 1961இலிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இதில் சேர்ந்து மாவு, ரவை, பால் பவுடர், எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் நொடிந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. அம்மா ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததும் அதே 1961.

அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அமெரிக்க விவசாயியின் களத்து மேட்டுக்குப் போய் நிற்கவேண்டியிருக்கிறது. 1930களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலை விழுந்தது. ரூஸ்வெல்ட் அரசு 1933இலிருந்து விவசாயிக்கு விலை ஆதரவு கொடுக்க ஆரம்பித்தது. போர் முடிந்தும் அந்த ஆதரவு நிற்கவில்லை. விளைச்சல் பெருகி, அரசின் கிடங்குகளில் கோதுமை மலைபோலக் குவிந்தது. வைத்துக் காப்பாற்றவே பெரும் செலவு. வெளியே பனிப்போர். சோவியத் பக்கம் சாயாமல் ஏழை நாடுகளைப் பிடித்து வைக்கவேண்டும். இந்த இரண்டு தலைவலிக்கும் ஒரே மாத்திரையாக 1954 ஜூலை 10 அன்று ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுதான் நம் பெரியவர்கள் வாயில் 'பி.எல். 480' என்று புழங்கிய பொதுச்சட்டம் 480. இந்தியா 1956 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டது. 1961இல் கென்னடி இதற்கு 'சமாதானத்துக்கான உணவு' என்று புதுமெருகு கொடுத்து, ஜார்ஜ் மெக்கவர்னைப் பொறுப்பாளராகப் போட்டார்.

கோதுமைக்கு விலையாக டாலர் கேட்கவில்லை, ரூபாயாகவே வாங்கிக்கொண்டார்கள். அந்த ரூபாய் இந்தியாவிலேயே மலையாய்ச் சேர்ந்துவிட்டது. 1974இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்தார். நடுவில் அந்தப் பணத்தில் ஒரு பகுதி புத்தகங்களுக்குப் போனது. 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் திறந்து, தமிழ் உள்பட இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோவிலோ பெர்க்லியிலோ நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகம் பார்த்துச் சிலிர்த்துப்போகிற நண்பர்களே, அதில் கொஞ்சம் நம் அப்பா அம்மா சாப்பிட்ட கோதுமையின் காசும் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"கோதுமை அவுக குடுத்தாக, சரி. எங்களப் பள்ளிக்கூடத்துல உக்கார வச்சது காமராசரு. வெறகு சொமந்தது நாங்க. மூணையும் எழுதச் சொல்லு."

இதைவிடச் சுருக்கமாக மதிய உணவு வரலாற்றை என்னால் எழுத முடியாது.

*

"எந்த வருஷம் ஆச்சி?" என்று கேட்டால் பதில் வராது. அம்மாவுக்கு வருஷக் கணக்கு கிடையாது. "நான் அஞ்சாப்பு படிக்கையில கடும் பஞ்சம். மறு வருசம் ஆறாப்புல இருக்கும்போது எலெக்‌ஷன்ல காமராசர் தோத்தாரு. எங்கய்யா அன்னிக்குச் சாப்பிடல" என்றார். காமராசர் விருதுநகரில் தோற்றது 1967. அப்படியானால் அம்மாவின் ஐந்தாம் வகுப்பு 1965-66. வயதானவர்களிடம் கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி கேட்காதீர்கள். எந்தத் தேர்தல், எந்தப் புயல், யார் கல்யாணம் என்று கேளுங்கள். தேதி தானாக வரும்.

அந்த 1965-66தான் விஷயமே. 1965இல் நாட்டில் மழை பொய்த்தது, 1966இலும் பொய்த்தது. திங்கள் ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்ட காலம். ஒரே வருஷத்தில் அமெரிக்கா தன் கோதுமை விளைச்சலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்பவேண்டியிருந்தது.

அந்தக் கப்பல்களின் கயிறு ஒரே ஒருவர் கையில் இருந்தது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். வருஷக் கணக்கில் ஒப்பந்தம் போடாமல், மாதத்துக்கு மாதம் அவரே பார்த்து அனுமதித்தார். கப்பலில் வந்தது நேரே வாய்க்குப் போகிற நிலை. இந்தியாவில் எங்கே மழை பெய்கிறது என்கிற கணக்கை அவரே கவனித்து வந்ததாக அவருடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தார்? இந்தியா தன் விவசாயத்தைச் சரிசெய்யட்டும் என்று அழுத்தினார் என்பது ஒரு கட்சி. வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவருக்கு எரிச்சல் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் இருந்திருக்கவேண்டும். 1965 நவம்பரில் ரோம் நகரில் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும், ஆமாம், பொள்ளாச்சிக்காரர்தான், அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் உட்கார்ந்து பேசி உடன்பாட்டுக்கு வந்தார்கள். உரம், வீரிய விதை, விலை என்று விவசாயக் கொள்கையை மாற்ற இந்தியா ஒப்புக்கொண்டது. சுப்பிரமணியத்துக்கே அந்த மாற்றத்தில் நம்பிக்கை இருந்தது. அடுத்த வருஷம் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை வந்து இறங்கியது. பசுமைப் புரட்சியின் தொடக்கம்.

அண்ணன் மகளுக்கு ஜான்சனைத் தெரியும். 1964 குடிசார் உரிமைகள் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் கொண்டுவந்தவர் என்று படித்திருக்கிறாள். அவளுக்கு அவர் நல்லவர். "அவரா கப்பலை நிறுத்தி வச்சாரு?" என்று நம்பாமல் கேட்டாள். அவரேதான்.

*

மூன்றாம் சனிக்கிழமை அம்மா தானாகவே ஒன்று சொன்னார். நான் என் நாற்பத்தெட்டு வயது வரை கேட்டிராத விஷயம்.

தாத்தாவுக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவது பிடிக்காது. நாலு ஏக்கர் கரிசல் காடு வைத்திருக்கிற சம்சாரி, தன் பிள்ளை தர்மச்சோற்றுக்குத் தட்டு ஏந்துவதா? வீட்டுக்கு வந்து கூழ் குடித்துவிட்டுப் போ என்று உத்தரவு. ஐந்தாம் வகுப்பு வருஷத்தில் வீட்டில் கூழும் இல்லை. ஆனால் உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டு, கைவாசம் தெரியாமல் இருக்க மண் போட்டுக் கழுவிவிட்டு வருவாராம். வீட்டில் பள்ளிக்கூடம் சேராத தம்பி. அவனுக்காகப் பாதி உப்புமாவைப் பூவரச இலையில் பொதிந்து, புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவாராம். ஒருநாள் வாத்தியார் பார்த்துவிட்டார். திட்டவில்லை. மறுநாளிலிருந்து அம்மாவைக் கடைசியில் வரச்சொல்லி, சட்டி ஓரத்தில் ஒட்டியதையும் வழித்துப் போட்டாராம்.

"எங்கய்யாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றார் அம்மா. பிறகு, "தெரிஞ்சிருக்குமோ என்னமோ" என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள், "ஆச்சி, இதை நான் எழுதலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம் தாயி. அய்யா பேருக்குக் கெடுதல்."

எனக்குக் கோபமே வந்தது. இதைவிட நல்ல கதை ப்ராஜெக்டுக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் பிள்ளை தெளிவாக இருந்தாள். சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது என்று டீச்சர் முதல்நாளே சொல்லியிருக்கிறாராம். "சரி ஆச்சி, எழுதலை" என்று சொல்லிவிட்டாள். உயிரோடு இருப்பவர்களின் வாயிலிருந்து வரலாறு எடுப்பதில் இது ஒரு முக்கியமான பாடம். கதை சொன்னவருக்குத்தான் சொந்தம். கேட்டவருக்கு அல்ல.

நான்கு நாள் கழித்து அம்மா என்னிடம், "பேர் போடாம எழுதச் சொல்லு. வாத்தியாரப் பத்தி மட்டும் வெவரமா எழுதச் சொல்லு" என்றார். இங்கே நான் எழுதுவதும் அதே நிபந்தனையில்தான். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் இல்லை.

*

இனி அவள் கண்டுபிடித்தது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தன் அப்பா எந்தச் சட்டத்தின் கீழ் அமெரிக்காவுக்கு வர முடிந்தது என்று அவள் பின்னோக்கித் தேடிப் போயிருக்கிறாள். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியது. 1924 சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது. 1946இல் கொஞ்சம் திறந்து, வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். நூறே நூறு. பிறகு 1965 அக்டோபர் 3. சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்குகிற பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. படிப்பும் தொழிலும் குடும்ப உறவும் கணக்கில் வந்தன. இது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை என்கிற தொனியில்தான் அவரே அன்று பேசினார். ஆனால் அந்தக் கதவு வழியாகத்தான் டாக்டர்களும் இஞ்சினியர்களும் போனார்கள், கடைசியில் 2004இல் எங்கள் அண்ணனும் போனான். கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு நடத்திய சமவுரிமைப் போராட்டம் இல்லாவிட்டால் அந்தச் சட்டமும் வந்திருக்காது. வகுப்பில் அவளோடு படிக்கிற பெண்ணின் பாட்டி வாஷிங்டனில் நின்றதற்கும் இவள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது.

அக்டோபர் 1965, குடியேற்றச் சட்டம். நவம்பர் 1965, ரோம் உடன்பாடு. நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை. ஒரே மேசை, ஒரே மனிதர். ஒரு கையால் பேத்திக்குக் கதவைத் திறந்தவர், இன்னொரு கையால் ஆச்சியின் உப்புமாவுக்கு வரவேண்டிய கோதுமைக் கப்பல்களைக் கயிறு கட்டி வைத்திருந்தார். "நல்லவரா கெட்டவரா சித்தப்பா?" என்று கேட்டாள். நாயகன் படத்துக் கேள்வி :-) எனக்கும் தெரியவில்லை என்றேன். இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது, படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும் என்றேன்.

*

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கேட்டதையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காலி மனைகள் இருக்கின்றன. மழை பெய்து பத்து நாளில் வெள்ளைப் பொட்டுப் பூவோடு பார்த்தீனியம் இடுப்பளவு வந்துவிடும். இங்கே 'காங்கிரஸ் கடலை' இல்லை, 'காங்கிரஸ் புல்' என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். பி.எல். 480 கோதுமையோடு வந்த விஷச்செடி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவள் சரிபார்த்தாள். அந்தச் செடியைப் புனேயில் கண்டதாகப் பதிவானது 1955. பி.எல். 480 ஒப்பந்தம் 1956 ஆகஸ்ட். செடி முந்திக்கொண்டதே! 1951இலேயே ட்ரூமன் காலத்தில் 19 கோடி டாலர் கடனில் 20 லட்சம் டன் தானியம் இந்தியாவுக்கு வர ஏற்பாடானது. அதில் வந்திருக்கலாம், வேறு வழியிலும் வந்திருக்கலாம். பி.எல். 480 கப்பல்தான் முதலில் கொண்டுவந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. அறுபது வருஷமாக ஊரே சொல்கிற கதை, இரண்டு தேதியை வைத்துப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டது. இதையும் அவள் ப்ராஜெக்டில் ஒரு பக்கம் எழுதினாள்.

*

போன வாரம் வகுப்பில் பேசினாளாம். திரையில் மூன்றே படங்கள். சுதந்திர தேவி சிலை அருகே ஜான்சன் கையெழுத்திடுவது, கைகுலுக்கும் சின்னம் போட்ட எங்கள் வீட்டு டின், முருங்கைக்கீரை உருவுகிற ஆச்சியின் கை. டின்னின் படத்துக்காகத் தம்பி மாமாதான் பரணில் ஏறினார். இலையில் பொதிந்த உப்புமாவைச் சாப்பிட்டு வளர்ந்த அதே மாமா. அவருக்கு இன்னும் விஷயம் முழுசாகத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பது அம்மாவின் இஷ்டம்.

"நமக்கு அமெரிக்க ஹிஸ்டரி இல்லைன்னு இனிமே சொல்லுவியா?" என்று கேட்டேன். சிரித்தாள்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. திரைக்குப் பக்கத்தில் போய், வழக்கம்போல நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏ தாயி, உங்க பள்ளிக்கூடத்துல சம்சாரி வீட்டுப் பிள்ளைக யாராச்சும் இருக்காகளா? அவுக தாத்தன் கோதுமை வெதைச்சிருப்பானா? கேட்டுச் சொல்லு. அந்த வருசம் அவுகளுக்கு மழை எப்படிப் பேஞ்சதுன்னு."

அவள் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறோம். நீங்களும் இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது, சாப்பிட்டீங்களா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.